செக்கடியில் எழுதிய பதிவுகள்

கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள சிறுதொழில்களுக்கு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பேஜ்களைக் கவனித்துக் கொடுப்பது என் வேலை. எண்ணெய் ஆட்டுகிறவர்கள், சேலை விற்கிறவர்கள், நாட்டுச் சர்க்கரை காய்ச்சுகிறவர்கள், ஊறுகாய் போடுகிறவர்கள் வருகிறார்கள். முதல் சந்திப்பில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "பார்த்தா உண்மையா இருக்கோணும் அம்மிணி, விளம்பரமாட்டத் தெரியக் கூடாது."

கேட்பதில் நியாயம் இருக்கிறது. விளம்பரம் என்று தெரிந்த அடுத்த நொடியே கட்டைவிரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறது. ஆனால் கேட்கிறவர்கள் நினைப்பதுபோல அதற்கென்று ஒரு கேமரா வித்தையோ எழுத்து நடையோ என்னிடம் இல்லை. தொழிலில் காட்டத் தக்கது எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் பேஜிலும் தெரியும். என் வேலையில் பாதி, அந்த இடத்தில் போய் நிற்பது. மீதியில் பெரும்பகுதி, வாங்குகிறவர்கள் கேட்பதை முதலாளியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. எழுதுவதும் படம் பிடிப்பதும் கடைசியில் வருகின்றன. இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது காங்கேயம் பக்கத்தில் உள்ள ஒரு செக்காலை.

காங்கேயம், வெள்ளக்கோவில் வட்டாரத்தில் சாலையின் இரண்டு பக்கமும் களங்களில் தேங்காய்ப் பருப்பு காயும். வெயில் காலத்தில் பேருந்து ஜன்னல் வழியாகவே அந்த வாசம் வரும். இந்தச் செக்காலையும் அப்படி ஒரு களத்தை ஒட்டியது. தேங்காய், கடலை, எள் மூன்றும் ஆட்டுகிறார்கள். நான் போவதற்கு முன் வேறொருவர் பேஜை நடத்தியிருந்தார். பித்தளைச் சொம்பு, கண்டாங்கிச் சேலை கட்டிய பாட்டி, மாடு சுற்றும் செக்கு என்று பதிவுக்குப் பதிவு அழகான படங்கள். கீழே "உங்கள் சமையலறையின் ஆன்மாவை மீட்டெடுங்கள்" போன்ற வாக்கியங்கள். அதை முதலாளி அண்ணனிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டு, "இப்படி யாருங்க பேசுவாங்க?" என்றார். அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். எழுதியதைச் செக்கோட்டுகிற ஐயாவிடம் படித்துக் காட்டுவேன். அவர் வாயில் வராத வாக்கியம் பேஜில் போகாது.

அவர்கள் செக்கு மோட்டாரில் ஓடுகிறது. உலக்கை வாகை மரம்; மெதுவாகத்தான் சுற்றும்; ஆனால் சுற்றுவது மோட்டார். பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டு மாடு இருக்கும் என்று நம்பி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. அண்ணனுக்கு அது மனதை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் கண்ட வழி, "பக்கத்துத் தோட்டத்துல மாடு இருக்குதுங்க. ஒரு நாளைக்குக் கட்டி வீடியோ எடுத்துறலாமா?" என்பது.

வேண்டாம் என்றேன். மோட்டாரையே முதலில் காட்டலாம் என்றேன். அவருக்குத் தயக்கம். மோட்டார் என்றால் மதிப்புக் குறைந்துவிடும் என்று பயந்தார். ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். முதல் ரீல்ஸ் அதுதான்: சுவிட்சைப் போடுகிற கை, பெல்ட், மெல்ல நகரத் தொடங்கும் உலக்கை, செக்கின் கிறீச்சொலி. பாட்டு எதுவும் சேர்க்கவில்லை. "எங்க செக்கு மோட்டார்லதான் ஓடுது. உலக்கை வாகை மரம். ஒரு ஆட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு நேர்ல வந்து பாருங்க" என்று எழுதினோம்.

"மோட்டார்ல ஓடினா அது மரச்செக்கா?" என்று பலர் கேட்டார்கள். சிலர் திட்டினார்கள். அண்ணன் பதில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். சூடு ஏறுவது வேகத்தாலும் அழுத்தத்தாலும். வேகமாக ஓடும் இரும்பு எக்ஸ்பெல்லரிலிருந்து வரும் புண்ணாக்கைத் தொட்டால் கை சுடும். இங்கே வருவதைக் கையில் அள்ளலாம். இழுப்பது மாடா மோட்டாரா என்பதைவிட எந்த வேகத்தில் இழுக்கிறது என்பதே எண்ணெய்க்கு முக்கியம். சிலர் பேஜை விட்டுப் போனார்கள். தங்கியவர்கள் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினார்கள். அடுத்து வந்த எந்தப் பதிவுக்கும் அவர்கள் சந்தேகத்தோடு வரவில்லை. சமூக ஊடகத்தில் ஒரு தொழிலுக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது என்பது என் கருத்து.

இப்போது இந்தப் பொய்ப்படங்கள் இன்னும் எளிதாகிவிட்டன. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் பாட்டியும் மாடும் செக்கும் வந்துவிடுகின்றன. பல சமயம் நுகத்தடி மாட்டின் கழுத்தில் இல்லாமல் காற்றில் தொங்கும்; உலக்கை உரலுக்கு வெளியே நிற்கும். கிராமத்தில் வளர்ந்தவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். படம் பொய் என்று தெரிந்தபின் எண்ணெய் மட்டும் நிஜம் என்று அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? உணவுப் பொருளுக்கு அப்படிப்பட்ட படத்தைப் போட நான் ஒப்புக்கொள்வதில்லை.

இதற்கு நேரெதிர்த் திசையிலும் ஒரு பொய் உண்டு. பெரிய நிறுவனங்கள் லட்சக்கணக்கில் செலவு செய்து, கேமராவைக் கொஞ்சம் ஆட்டி, வெளிச்சத்தைக் குறைத்து, கைப்பேசியில் யாரோ எடுத்ததுபோலக் காட்டுகிறார்கள். வேண்டுமென்றே ஒரு எழுத்துப் பிழை விடுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். குறைகளைக் காட்டினால் நம்புவார்கள் என்று கேட்டுவிட்டு, இல்லாத குறைகளைத் தயாரிக்கிறார்கள். எனக்கு இது மாட்டை வாடகைக்குக் கட்டுவதைவிட மோசமாகப் படுகிறது. அழகான பொய்யில் ஏமாந்தவர் எண்ணெயைத்தான் சந்தேகிப்பார். எளிமையாக நடிக்கிற பொய்யில் ஏமாந்தவர், அடுத்து உண்மையாகவே எளிமையாக வருகிறவரையும் சந்தேகிப்பார். அந்தப் பழி சிறுதொழில்காரர் தலையில்தான் விழுகிறது.

வில்லேஜ் குக்கிங் சேனலை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். புதுக்கோட்டை மாவட்டத்து வயற்காட்டில் ஒரு தாத்தாவும் பேரன்களும் சமைத்ததைப் படம் பிடித்துப் போட்டு, 2021இல் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனார்கள். தாத்தா பெரியதம்பி சமையல் வேலையில் பழகியவர். அண்டா பிடிக்கிற கை, தீயைக் கவனிக்கிற கண், பொருளின் பேரைச் சொல்லிக் கூவுகிற குரல் எல்லாம் அவர்களுக்குப் பழக்கமானவை. அவர்களைப் பார்த்துப் பலர் அதே கூவலைக் கூவிப் பார்த்தார்கள். கூவலை எடுத்துக்கொள்ள முடிந்தது, கைப்பழக்கத்தை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

செக்காலைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்ததன் மையம் அங்கேதான் நடந்தது.

நிலக்கடலைப் பருப்பை ஆட்டுவதற்கு முன் பொறுக்குவார்கள். பூஞ்சை பிடித்தது, கறுத்தது, சுருங்கியது எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஈரத்தில் இருந்த கடலையில் வளரும் பூஞ்சை அஃப்லடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். கல்லீரலைக் கெடுப்பது அது. பெரிய ஆலைகளில் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். செக்கெண்ணெயில் அந்தச் சுத்திகரிப்பு கிடையாது. ஆகவே பொறுக்குகிற பெண்களின் கண்ணும் விரலும்தான் இங்கே பாதுகாப்பு. சாக்கை விரித்து உட்கார்ந்து, பேசிக்கொண்டே, பார்க்காததுபோல இருந்தபடி விரல் மட்டும் சொத்தையைத் தள்ளிக்கொண்டே போகும் வேகத்தை நான் வியந்து பார்த்திருக்கிறேன்.

அவர்களைப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். முகம் வேண்டாம் என்றார்கள். "சொந்தக்காரங்க பார்த்தா கூலிக்குப் போறான்னு பேசுவாங்க கண்ணு" என்றார் மூத்தவர். கைகளை மட்டும் எடுத்தேன். எடுத்ததை அவர்களிடமே காட்டி, சரி என்ற பிறகுதான் போட்டேன். உழைக்கிறவர்களின் படத்தை முதலாளி அனுமதித்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் என் துறையில் நிறையப் பேர். அப்படி எடுத்த வீடியோவில் உழைக்கிறவர் கேமராவைப் பார்க்கிற பார்வையிலேயே அது தெரிந்துவிடும்.

அந்தக் கைகளின் வீடியோ பரவலாகப் போனது. பாராட்டுகளுக்கு நடுவே ஒரு பெண் கேட்டிருந்தார்: "பொறுக்கி எடுத்த சொத்தைக் கடலையை என்ன பண்ணுவீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு வியாபாரி வந்து எடுத்துக்குவாருங்க" என்றார். அவர் எங்கே கொண்டுபோகிறார்? சோப்புக்கு எண்ணெய் எடுக்க என்று சொல்வாராம். சோப்புக்குத்தான் போகிறதா, வேறு எங்காவது ஆட்டி யாராவது தின்கிற எண்ணெயில் கலக்கிறதா என்று அண்ணன் கேட்டதே இல்லை. கழிவாகப் போவதற்கு ஒரு விலை கிடைக்கிறது. எல்லா ஆலையிலும் அப்படித்தான்.

பதில் எழுதாமல் இரண்டு நாள் விட்டோம். கமென்டை அழித்துவிடலாம் என்று வீட்டில் சொன்னவர்களும் உண்டு. அண்ணன் அழிக்கவில்லை. வியாபாரியிடம் கேட்டுப் பார்த்தார். தெளிவான பதில் வரவில்லை. அதன்பின் சொத்தையை விற்பதை நிறுத்திவிட்டார். இப்போது எரித்துவிடுகிறார்கள். மாட்டுக்கும் வைப்பதில்லை, ஏனென்றால் அந்த நச்சு பாலிலும் இறங்கும். நடந்ததை நடந்தபடியே பதிலாகப் போட்டோம்: இதுவரை விற்றுக்கொண்டிருந்தோம், எங்கே போகிறது என்று உறுதியாகத் தெரியவில்லை, இனி விற்கமாட்டோம். கேள்வி கேட்ட பெண்ணுக்கு நன்றி சொன்னோம்.

இந்தத் துறையில் நான் செய்தவற்றில் அந்த ஒரு பதிலைத்தான் மிகவும் மதிக்கிறேன். அதில் என் எழுத்து ஒன்றுமே இல்லை. ஒரு வாடிக்கையாளரின் கேள்வி ஒரு ஆலையின் வழக்கத்தை மாற்றியது. அந்த மாற்றத்தைச் சொல்ல எளிய நான்கு வரி போதுமானதாக இருந்தது. பேஜ் என்பது பேசுவதற்கான இடம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அதன் பெரிய பயன் கேட்பதில் இருக்கிறது.

கேட்பது என்றால் டிஎம்மில் வருகிற சின்னச் சின்ன சந்தேகங்களையும் சேர்த்துத்தான். நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி போடுவார்கள். எள்ளின் மாவு அந்த ஈரத்திலும் பசையிலும் இறுகி எண்ணெயைப் பிரித்துவிடும். "எனக்குச் சர்க்கரை இருக்கு, உங்க நல்லெண்ணெய் சாப்பிடலாமா?" என்று வயதானவர்கள் கேட்பார்கள். கருப்பட்டி எண்ணெயில் கரையாது, புண்ணாக்கோடு போய்விடும் என்பதே பதில். புண்ணாக்கைப் பிட்டு வாயில் போட்டால் இனிக்கும். ஐயா அதைப் பிட்டுத் தின்று காட்டிய ஒரு சின்ன வீடியோ அந்தக் கேள்விக்கு நிரந்தரப் பதிலாகிவிட்டது.

மார்கழி வந்தால் வேறொரு புகார். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். கோவையில் அந்த மாதங்களில் இரவு வெப்பம் 20க்கும் கீழே போகும். பாட்டிலில் வெள்ளையாக உறைந்ததைப் படமெடுத்து, "மெழுகு கலந்திருக்கீங்க" என்று அனுப்புவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்குவதில் ஒரு குளிர்காலம் போனது. அடுத்த கார்த்திகையிலேயே, புகார் வருவதற்கு முன், ஆலையில் உறைந்து நின்ற டின்னை வெயிலில் வைத்து உருகுவதைக் காட்டிவிட்டோம். சென்னையில் இருப்பவர்களுக்கு ஏன் உறையவில்லை என்பதையும் சொன்னோம். அதற்குப் பின் வாடிக்கையாளர்களே ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டார்கள்.

அண்ணனோடு எனக்கு உண்மையான சண்டை வந்தது ஒரே விஷயத்தில். கடலையெண்ணெய் கொலஸ்ட்ராலைக் குறைக்கும், நல்லெண்ணெய் மூட்டுவலியைப் போக்கும் என்று எழுத வேண்டும் என்றார். போட்டியாளர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள், எழுதினால் விற்கிறது என்பது அவர் வாதம். "கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்" என்று போட்டாலாவது சரியா என்றார். கொலஸ்ட்ரால் விலங்குக் கொழுப்பில் இருப்பது. கடலையிலும் எள்ளிலும் அது பொருட்படுத்தும் அளவுக்கு இருந்ததே இல்லை. எந்த ஆலையின் எண்ணெயும் அப்படித்தான் இருக்கும். இல்லாத ஒன்றை நாம் நீக்கியதுபோலச் சொல்வது படித்தவர் முன் நம்மைச் சிறுமைப்படுத்தும் என்றேன்.

சட்டமும் இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் கொண்டுவந்த விளம்பர விதிமுறைகள், இயற்கையானது, தூய்மையானது, அசல், பாரம்பரியமானது, வீட்டில் செய்தது போன்ற சொற்களை எந்த நிலையில் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கின்றன. பாரம்பரியம் என்று போட்டால் அந்தச் செய்முறை தலைமுறைகளாகப் பெரிய மாற்றமில்லாமல் இருந்துவர வேண்டும். ஆலையில் தயாரித்ததை வீட்டில் செய்தது என்று போட முடியாது. பேஜ் நடத்துகிற பல பேர் இந்த விதிகளைப் படித்ததே இல்லை; கேப்ஷனில் அதிகம் புழங்குகிற சொற்களோ இவைதான். அண்ணனுக்கு விதிகளை அச்செடுத்துக் கொடுத்தேன். பாட்டிலிலும் சில சொற்களை எடுத்துவிட்டு, ஆட்டிய தேதியையும் கடலை எந்த ஊர்ச் சந்தையில் வாங்கியது என்பதையும் போட்டார். எத்தனை மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் போட்டார், ஏனென்றால் செக்கெண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். விற்பனை குறையும் என்று பயந்த இடத்தில், ஒரு லிட்டர் வாங்கியவர்கள் அளவாக வாங்கி அடிக்கடி வரத் தொடங்கினார்கள்.

2025 இந்தப் பேஜுக்குச் சோதனை ஆண்டு. தேங்காய்ப் பருப்பு விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டி ஏறியது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் பருப்பு வேண்டும். கூலி, மின்சாரம், பாட்டில், அனுப்பும் செலவு எல்லாம் அதற்கு மேல். விலையை ஏற்றாமல் வழியில்லை. பலர் சத்தமில்லாமல் விலையை மாற்றினார்கள். சிலர் மலிவான எண்ணெயைக் கலந்திருப்பார்கள் என்று ஊரில் பேச்சு. நாங்கள் அவல்பூந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏல விலை வந்த செய்தித்தாள் பக்கத்தையும், அண்ணன் பருப்பு வாங்கிய பில்லையும், லிட்டருக்கு ஆகிற கணக்கையும் பதிவாகப் போட்டோம். புண்ணாக்கு விற்று வருகிற பணத்தையும் கணக்கில் கழித்துக் காட்டினோம். அதை மறைத்தால் கணக்குத் தெரிந்தவர் ஒருவர் கமென்டில் எடுத்துவைப்பார், அப்போது மற்ற எண்களும் பொய்யாகிவிடும். கடைசி வரியில், "இந்த விலைக்கு முடியாதவங்க இந்த மாசம் கடலையெண்ணெய்க்கு மாறிக்குங்க, தப்பில்லை" என்று அண்ணன் சொன்னதை அப்படியே எழுதினேன். விற்பனை குறைந்தது. குறையத்தான் செய்யும். ஆனால் விலையைப் பற்றி ஒரு ஏச்சுகூட வரவில்லை.

செக்காலையில் நடந்தது இப்படி. ஒரு சேலை வியாபாரியோடு நடந்த கதை வேறு மாதிரி முடிந்தது. பொள்ளாச்சிக்குப் பக்கத்திலுள்ள நெகமம் பருத்திச் சேலைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. தறிக்குழியில் கால் போட்டு நெய்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தச் சேலைகளை விற்கிற ஒருவர் என்னிடம் வந்தார். நெசவாளர் வீட்டில் படம் எடுக்கக் கூட்டிப்போனார். தறியின் சத்தம், நாடா ஓடும் தாளம், முந்தியில் நூலை எண்ணிப் பிடிக்கும் அம்மாவின் கை எல்லாம் கிடைத்தன. அவர் விற்பதெல்லாம் இப்படி நெய்ததுதான் என்று நம்பினேன்.

பிறகு அவர் தானாக எடுத்து அனுப்பிய ஒரு வீடியோவைப் போடச் சொன்னார். சினிமாப் பாட்டு போட்டு அனுப்பியிருந்தார். நான் எப்போதும் பாட்டை எடுத்துவிட்டு இடத்தின் சத்தத்தைத்தான் வைப்பேன் என்பதால் அசல் கோப்பைக் கேட்டு வாங்கினேன். கேட்டதும் தெரிந்தது. கைத்தறியின் தாளத்தில் மனிதர் மூச்சு விடுகிற இடைவெளி இருக்கும். அறுந்த நூலைக் கட்ட நிற்கும், திரும்ப ஓடும். இது இடைவிடாமல் தடதடத்தது. விசைத்தறி. விசாரித்தபோது, பாதிச் சரக்கு விசைத்தறியிலிருந்துதான் வருகிறது, விலை மட்டும் கைத்தறி விலை என்று தெரிந்தது.

விசைத்தறிச் சேலை தப்பான பொருள் இல்லை. சோமனூரிலும் பல்லடத்திலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் பிழைக்கின்றன. விசைத்தறி என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அது நேர்மையான வியாபாரம். ஆனால் சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்க 1985இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள்; அதன் கீழ் இப்போது சில வகைச் சேலைகள் உள்பட 11 வகைத் துணிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 2006 முதல் கைத்தறி முத்திரை இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் குழித்தறிக்காரர் நாள்கணக்கில் உட்கார்ந்து நெய்த சேலையின் பெயரில் வேறொன்று விற்கப்படுகிறது. அந்த அம்மாவின் கையைப் படமெடுத்தவள் நான். அவர் கையைக் காட்டி, அவர் நெய்யாத சேலையை விற்க நான் உதவ முடியாது. பிரித்து எழுதுங்கள், கைத்தறி என்றால் கைத்தறி, விசைத்தறி என்றால் விசைத்தறி என்றேன். அவர் மறுத்தார். அந்த வேலையை விட்டுவிட்டேன். எடுத்த வீடியோக்களை அந்த நெசவாளர் குடும்பத்துக்கே கொடுத்தேன். இப்போது அவர்கள் மகன் நேரடியாக வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறார். சேலை குறைவு, ஆனால் விற்றுவிடுகிறது.

கோ-ஆப்டெக்ஸ் ஒரு சமயம் சேலையோடு நெய்தவரின் படமும் பெயரும் நெய்ய ஆன நாளும் கொண்ட அட்டையை வைத்துக் கொடுத்தது. ஒரு சேலையை உண்மையாகக் காட்ட அதைவிட நேரான வழியை நான் பார்த்ததில்லை. 1935இல் தொடங்கிய ஒரு கூட்டுறவுச் சங்கம், எந்த ரீல்ஸும் இல்லாமல், ஒரு துண்டு அட்டையில் செய்துவிட்டது. அதைச் செய்ய நெய்தவர் யார் என்று விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானே வரும்.

காசு கொடுத்துப் பேச வைப்பது பற்றிக் கேட்பார்கள். இன்ஃப்ளூயன்சர்களை நான் ஒதுக்குவதில்லை. ஆனால் ஆலைக்கு வந்து பார்த்துப் பேசுகிறவர் வேண்டும். காசு வாங்கிப் பேசுகிறேன் என்று வீடியோவிலேயே சொல்ல வேண்டும். விளம்பரத் தர நிர்ணயக் குழுமமான ஆஸ்கி 2021 முதல் இதைக் கேட்கிறது. 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் வந்தன. தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். "கொலாப் என்று போட்டால் ரீச் குறையும் அக்கா" என்று தம்பிகள் சொல்வார்கள். குறையட்டும். மறைத்துச் சம்பாதித்த ரீச்சில் வந்தவர்கள், தெரிந்த நாளில் மொத்தமாகப் போய்விடுவார்கள். காசுக்கு விமர்சனம் எழுதித் தருகிறவர்களிடம் நான் பேசுவதேயில்லை.

பண்டிகை வாழ்த்துகளையும் விட்டுவிட்டோம். எல்லாப் பேஜிலும் ஒரே பானை, ஒரே கரும்பு, மூலையில் ஒரு லோகோ. பொங்கலன்று ஆலைக்கு விடுமுறை என்று மட்டும் போடுகிறோம். மாட்டுப் பொங்கலன்று பொறுக்குகிற பெண்களில் ஒருவர் தன் வீட்டு மாட்டின் படத்தை அவராகவே அனுப்பினார். பெயரோடு போடச் சொன்னார். முகம் வேண்டாம் என்று முன்பு சொன்னவர்களில் ஒருவர்தான் அவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் அண்ணனாக நடித்துப் பதில் எழுதுவதில்லை. சாதாரண விசாரணைகளுக்குப் பேஜைக் கவனிக்கிறவர் என்று சொல்லியே பதில் தருவேன். புகார் என்றால் அண்ணன் ராத்திரி ஆலையை மூடிவிட்டு வாய்ஸ் நோட் அனுப்புவார். அதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுவேன். சில சமயம் கோபமாகப் பேசிவிடுவார். காலையில் அவரையே ஒரு தடவை கேட்க வைத்து, பிறகு போடுவேன்.

இதெல்லாம் நடப்பதற்கு முதலாளிக்கும் எழுதுகிறவருக்கும் நடுவே நம்பிக்கை வேண்டும். அமுல் வெண்ணெய்க்கு 1966 முதல் வருகிற புள்ளிக் கவுன் சிறுமியின் விளம்பரங்களை எல்லோரும் மெச்சுவார்கள். ஊர் நிலவரத்தைப் பற்றி உடனுக்குடன் கருத்துச் சொல்ல அவற்றைத் தயாரித்த டாகுன்ஹா நிறுவனத்துக்கு முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு விளம்பரத்துக்கும் முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று அமுலை நடத்திய வர்கீஸ் குரியன் அவர்களுக்குக் கொடுத்த சுதந்திரம். அந்தச் சுதந்திரத்துக்குப் பின்னால் பால் ஊற்றுகிற லட்சக்கணக்கான உழவர்களும், கலப்படம் இல்லாத ஒரு பொருளும் நின்றார்கள். அதனால்தான் ஒரு கேலிச்சித்திரம் இத்தனை ஆண்டு தாங்கியது. சிறுதொழில்காரர்கள் அமுலின் கிண்டலைப் பின்பற்றப் பார்க்கிறார்கள். பின்பற்ற வேண்டியது குரியன் செய்ததை.

பேஜை நடத்த ஆள் தேடுகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வருகிறவரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு, பழைய படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, வாரத்துக்கு மூன்று போஸ்ட் என்று பேசி முடிக்காதீர்கள். சரக்கு எங்கே வாங்குகிறீர்கள் என்று அவருக்குக் காட்டுங்கள். வேலை செய்கிறவர்களோடு அவர் உட்கார்ந்து பேசட்டும். வாங்குகிறவர்கள் கேட்கிற சங்கடமான கேள்வியோடு அவர் உங்களிடம் வந்தால், அதை அழிக்கச் சொல்லாமல் ஒரு நாள் யோசியுங்கள். பதில் சொல்ல முடியாத கேள்வி என்றால் பதிலை மாற்றாதீர்கள், வழக்கத்தை மாற்றுங்கள். அதைச் செய்யத் தயாரில்லை என்றால் செய்தித்தாளில் பணம் கட்டி நேரான விளம்பரம் கொடுங்கள். அது விளம்பரம் என்று படிக்கிறவருக்குத் தெரியும்.